வளரும் இளம்பெட்டைகளுக்கு எந்தத் தீவனம்? குஞ்சுப் பருவம் முடிந்ததிலிருந்து முதல் முட்டை வரை

வீட்டுப் புறக்கடையில் நாலைந்து கோழி வளர்ப்பவர்கள் குஞ்சுகளை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொள்வார்கள். சூடு, தண்ணீர், தீவனம் எல்லாம் வேளை தவறாமல் நடக்கும். முட்டை வரத் தொடங்கியதும் அதே கவனம் திரும்பிவிடும். நடுவில் இருக்கும் இரண்டரை, மூன்று மாதங்கள்தான் கண்ணில் படாமல் போகின்றன. இறகு முளைத்துவிட்டது, தானாக மேய்கிறது, இனி எதைப் போட்டாலும் தின்று வளர்ந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம். அந்தப் பெட்டையின் எலும்புக்கூடு, சிறுநீரகம், தீனிப்பை, கருப்பை எல்லாம் அந்த மாதங்களிலும் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. அப்போது கிடைக்காததைப் பிற்பாடு எவ்வளவு கொட்டினாலும் ஈடுகட்ட முடியாது.

இந்த வழிகாட்டி முட்டைக்காக வளர்க்கும் கோழிகளுக்கானது. இறைச்சிக்காக வளர்ப்பதன் கணக்கே வேறு. அந்தத் தீவனத்தை இளம்பெட்டைகளுக்கு ஏன் போடக்கூடாது என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதல் படி: கோழி இப்போது எதைக் கட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள்

பிறந்ததிலிருந்து ஆறு வாரம் வரை உள்ளுறுப்புகளும் நோய் எதிர்ப்பும் வேகமாக வளரும். ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் வரை உடல் சட்டகம், அதாவது எலும்பும் அதைப் பிடித்திருக்கும் சதையும் வளரும். பன்னிரண்டு, பதின்மூன்று வாரத்தில் எலும்புக்கூட்டின் வளர்ச்சி ஏறக்குறைய 95 சதவீதம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு நன்றாகத் தீனி போட்டால் எடை கூடும், ஆனால் சட்டகம் பெரிதாகாது. சிறிய சட்டகத்தில் கொழுப்பு ஏறிய பெட்டை சிறிய முட்டையைத்தான் இடும். முட்டையிடும்போது முட்டைக்குழாய் வெளித்தள்ளுவது போன்ற தொல்லைகளும் அதற்கு எளிதில் வரும்.

அதனால் பன்னிரண்டாவது வாரத்தை ஒரு கெடுவாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எடை குறைவாக இருக்கிறதென்றால் அதை அதற்கு முன்னால் கண்டுபிடிக்க வேண்டும்.

இறகையும் மறக்கக்கூடாது. இறகில் பெரும்பகுதி புரதம். வளரும் கோழி முட்டையிடும் வயதை எட்டுவதற்குள் ஒரு தடவைக்கு மேல் இறகை மாற்றிக்கொள்கிறது. அதற்கு மெத்தியோனின், சிஸ்டீன் போன்ற கந்தகம் கலந்த அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தைக் கட்டும் துணுக்குகள் வேண்டும். அவை பற்றாமல் போனால் கோழிகள் ஒன்றன் இறகை ஒன்று கொத்திப் பிடுங்கத் தொடங்கும். இடநெருக்கடி, தீவனத்தில் உப்புக் குறைவு போன்ற காரணங்களாலும் இது வரும். ஆனாலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது தீவனத்தைத்தான்.

இரண்டாம் படி: பருவத்துக்கு ஏற்ற மூட்டை

முட்டைக்கோழித் தீவனம் பொதுவாக மூன்று பெயர்களில் வருகிறது. ஸ்டார்ட்டர் என்பது குஞ்சுத் தீவனம். குரோவர் என்பது வளரும் கோழிக்கானது. லேயர் என்பது முட்டையிடும் கோழிக்கானது.

ஸ்டார்ட்டரில் புரதம் 18 முதல் 20 சதவீதம், கால்சியம் 1 சதவீதம் அளவில் இருக்கும். ஆறு முதல் எட்டு வாரம் வரை இதுதான். குரோவரில் புரதம் 15 முதல் 17 சதவீதமாகக் குறையும், கால்சியம் அதே 1 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். ஸ்டார்ட்டரை நிறுத்தியதிலிருந்து முட்டை தொடங்கப்போகும் வரை இதைக் கொடுக்க வேண்டும். லேயரில் புரதம் 16 முதல் 18 சதவீதம். கால்சியம் மட்டும் ஒரேயடியாக 3.5 முதல் 4.5 சதவீதத்துக்குத் தாவிவிடும்.

குரோவருக்கும் லேயருக்கும் புரதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். புரதம் ஒன்றுபோல இருக்கிறதே, இரண்டு மூட்டை எதற்கு, லேயரையே எல்லாருக்கும் போடலாம் என்று முடிவு செய்கிறார்கள்.

லேயர் தீவனத்தை முன்கூட்டியே போட்டால் என்ன ஆகும்?

முட்டையிடும் கோழி ஒரு முட்டை ஓட்டுக்கு மட்டும் 2 கிராமுக்குச் சற்று மேல் கால்சியத்தைச் செலவழிக்கிறது. லேயர் தீவனத்தில் இருக்கும் கால்சியம் அந்தச் செலவுக்காகச் சேர்க்கப்பட்டது. பத்து வாரப் பெட்டைக்கு அப்படி ஒரு செலவே இல்லை. உள்ளே போன கூடுதல் கால்சியத்தைச் சிறுநீரகம்தான் வெளியேற்றியாக வேண்டும்.

நாள்கணக்கில் அல்ல, வாரக்கணக்கில் இது தொடர்ந்தால் சிறுநீரகம் பழுதாகும். சிறுநீரகத்திலும் சிறுநீர்க் குழாயிலும் கல் அடைக்கும். வெளியேற வேண்டிய யூரேட் உப்புகள் உடலுக்குள்ளேயே தங்கி, இதயத்தின் மேலும் ஈரல் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல வெண்ணிறமாகப் படியும். சில கோழிகள் வளரும்போதே இறந்துவிடும். மற்றவை வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்து, பாதிச் சிறுநீரகத்தோடு முட்டையிடத் தொடங்கி, சில மாதம் கழித்துத் திடீரென்று சாயும். அப்போது எதனால் என்று யாருக்கும் புரியாது, ஏனென்றால் தப்பு நடந்து மாதங்கள் ஆகியிருக்கும். இந்த ஒரு விஷயத்துக்காகவே இவ்வளவு நீளமாக எழுதத் தோன்றியது.

ஓரிரு நாள் இளம்பெட்டைகள் லேயர் தீவனத்தைக் கொத்திவிட்டால் பயப்பட வேண்டாம். வாரக்கணக்கில் அதுவே முழுத் தீவனமாக இருப்பதுதான் ஆபத்து.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு கேள்வி வரும். குரோவர் கிடைக்கவில்லை, ஸ்டார்ட்டரையே முட்டை வரை போடலாமா? போடலாம். புரதம் தேவைக்குக் கொஞ்சம் அதிகம், அதனால் செலவு அதிகம், எச்சத்தில் ஈரமும் அம்மோனியா நெடியும் சற்றுக் கூடும். ஆனால் கோழிக்குக் கெடுதல் இல்லை. எது கிடைக்கும் எது கிடைக்காது என்ற நிலையில் வரிசை இதுதான்: முதலில் குரோவர், அது இல்லையென்றால் ஸ்டார்ட்டர், லேயர் மட்டும் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் பிராய்லர் தீவனம். அதன் ஸ்டார்ட்டரில் புரதம் 22 சதவீதத்தை ஒட்டியும் எரிசக்தி அதிகமாகவும் இருக்கும். சில வாரங்களில் எடை ஏற்றி விற்பதற்காக அமைத்த தீவனம் அது. வருடக்கணக்கில் முட்டையிட வேண்டிய பெட்டைக்குக் கொடுத்தால் சட்டகம் முதிர்வதற்குள் கொழுப்பு ஏறும். அவசரத்துக்கு ஒருசில நாள் கொடுத்தால் ஒன்றும் ஆகாது. வழக்கமாக்கிவிடாதீர்கள்.

மூன்றாம் படி: மூட்டையில் தைத்திருக்கும் அட்டையைப் படியுங்கள்

மூட்டையின் முன்பக்கத்துப் படத்தையும் பெயரையும் நம்பி வாங்காதீர்கள். ‘கோழித் தீவனம்’ என்று பொதுவாக அச்சிட்டிருந்தால் அது எந்தப் பருவத்துக்கானது என்று தெரியாது. வாயைத் தைத்த இடத்தில் ஒரு சின்ன அட்டையோ, பின்பக்கத்தில் ஒரு கட்டமோ இருக்கும். அதில் இந்த வரிகளைத் தேடுங்கள்.

கால்சியம் எவ்வளவு? முதலில் பார்க்க வேண்டியது இதுதான். 1 சதவீதத்தை ஒட்டி இருந்தால் வளரும் கோழிக்கு ஏற்றது. 3 சதவீதத்துக்கு மேல் என்றால் பெயர் என்னவாக இருந்தாலும் அது முட்டையிடும் கோழிக்கானது.

கச்சாப் புரதம் 15 முதல் 17 சதவீதத்துக்குள் இருக்கட்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அட்டையில் இருக்கும் எண் மொத்தப் புரதத்தைச் சொல்கிறதே தவிர, அதன் தரத்தைச் சொல்லாது. லைசின், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்கள் இரண்டும் தனியாகக் குறிக்கப்பட்டிருந்தால் அந்தத் தயாரிப்பாளர் மேல் எனக்கு நம்பிக்கை கூடும்.

பாஸ்பரஸ் அளவையும் பாருங்கள். தானியத்தில் இருக்கும் பாஸ்பரஸின் பெரும்பகுதி ஃபைட்டேட் வடிவில் கட்டுண்டு கிடப்பதால் கோழிக்கு முழுதாகக் கிடைக்காது. ஆகவே உடலுக்குக் கிடைக்கக்கூடிய பாஸ்பரஸ் என்று தனியாகக் குறித்திருந்தால் அந்த எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வளரும் கோழிக்கு அது 0.4 சதவீதத்தை ஒட்டி, கால்சியத்தில் ஏறத்தாழ பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தால் சரி.

கடைசியாகத் தயாரித்த தேதி. தேதி இல்லாத மூட்டை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கவேண்டாம். தீவனத்தில் சேர்த்த வைட்டமின்கள் நாளாக ஆகக் குறைந்துகொண்டே வரும்.

நான்காம் படி: மாஷா, கிரம்பிளா, பெல்லட்டா?

ஒரே தீவனம் மூன்று வடிவத்தில் வரும். அரைத்துக் கலந்த தூள் மாஷ். அதையே நீராவியில் அழுத்தி உருளையாக்கினால் பெல்லட். பெல்லட்டை உடைத்தால் கிரம்பிள்.

மாஷ் வாங்கினால் ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைத்தாளில் பரப்பிப் பாருங்கள். மஞ்சளாகத் தெரியும் உடைத்த மக்காச்சோளம், பழுப்பான புண்ணாக்குத் துணுக்கு, அடியில் மாவுபோல ஒட்டும் சாம்பல் நிறத் தூசி என்று தனித்தனியாகத் தெரியும். கோழிக்குக் கண்ணும் அலகும் பெரிய துணுக்கைத்தான் முதலில் தேடும். மக்காச்சோளத்தைப் பொறுக்கித் தின்றுவிட்டு மாவை விட்டுவிடும். அந்த மாவில்தான் வைட்டமினும் தாது உப்பும் மெத்தியோனினும் இருக்கின்றன. கூட்டத்தில் பலமான கோழி நல்லதைத் தின்ன, ஒதுங்கி நிற்கும் கோழிக்கு மிச்ச மாவு மட்டும் கிடைக்கும். ஒரே கூட்டில் ஒன்று கொழுத்தும் இன்னொன்று நோஞ்சானாகவும் இருந்தால் இதையும் யோசித்துப் பாருங்கள்.

இதற்கு வழி இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒருமுறை தீவனத் தட்டு முழுவதும் காலியாகட்டும். பத்து வாரத்துக்கு மேற்பட்ட கோழிகளுக்கு இது நல்ல பழக்கம். மாவையும் தின்றாக வேண்டும் என்பதோடு, ஒரே மூச்சில் நிறையத் தின்று பழகும், தீனிப்பையும் விரியும். முட்டையிடத் தொடங்கும்போது தீனியைத் திடீரென்று கூட்டித் தின்ன வேண்டியிருக்கும், அப்போது இந்தப் பயிற்சி கைகொடுக்கும். காலியாக இருக்கும் நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீள வேண்டாம். பழையதற்கு மேலேயே புதிதைக் கொட்டிக்கொண்டு போனால் அடியில் மாவு சேர்ந்து, ஈரம் பட்டுப் புளித்துவிடும்.

சில கோழிகளை வீட்டில் வளர்ப்பவர்களுக்கு நான் கிரம்பிளைத்தான் சொல்வேன். பொறுக்கித் தின்ன வழியில்லை, சிந்துவதும் குறைவு. பெல்லட் பன்னிரண்டு வாரத்துக்கு மேல் சரி, அதற்கு முன்னால் சின்ன அலகுக்குப் பெரிது. மாஷிலும் ஒரு நல்லது உண்டு. தின்று முடிக்க நேரம் எடுக்கும் என்பதால், அடைத்து வளர்க்கும் கோழிகளுக்குச் சும்மா நிற்கும் நேரமும், ஒன்றையொன்று கொத்தும் வாய்ப்பும் குறையும்.

மாஷைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து கொடுத்தால் கோழிகள் பறந்து வரும். அரைமணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் பிசையுங்கள். மீந்ததை எடுத்துவிட்டுத் தட்டைக் கழுவிவிடுங்கள்.

ஐந்தாம் படி: மருந்து கலந்த தீவனம் வேண்டுமா?

ஸ்டார்ட்டரிலும் சில குரோவரிலும் ரத்தக் கழிச்சலைத் தடுக்கும் மருந்து கலந்திருக்கலாம். ஐமீரியா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி குடலைத் தாக்குவதால் வரும் நோய் அது. அதிகம் பயன்படும் மருந்து ஆம்ப்ரோலியம். தயமின் என்ற பி1 வைட்டமினின் வேடத்தில் போய் அந்த ஒட்டுண்ணிக்கு அது கிடைக்காமல் செய்வதுதான் அதன் வேலை. ஆகவே அதைக் கொடுக்கும் நாட்களில் பி1 கலந்த டானிக் ஊற்றினால் மருந்து வேலை செய்யாது.

ரத்தக் கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்ட குஞ்சுகளுக்கு மருந்து கலந்த தீவனம் கூடாது. அந்தத் தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள ஒட்டுண்ணி, மருந்து அதைக் கொன்றுவிடும். குஞ்சு வாங்கும்போதே என்ன தடுப்பூசி போட்டிருக்கிறது என்று கேட்டுக் குறித்துவையுங்கள்.

தடுப்பூசி போடாத குஞ்சுகள், ஈரமான தரை, முன்பே நோய் வந்த கூடு என்றால் மருந்து கலந்ததே பாதுகாப்பு. காய்ந்த இடத்தில், குறைந்த எண்ணிக்கையில், சுத்தமான தண்ணீரோடு வளர்த்தால் சாதாரணத் தீவனமே போதும். எதுவானாலும், எந்த வயதில் நிறுத்த வேண்டும் என்று அட்டையில் இருக்கும், முட்டைக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். மொனென்சின் போன்ற மருந்து கலந்த தீவனத்தைக் குதிரைகள் நெருங்க முடியாத இடத்தில் வையுங்கள். கோழிக்குப் பாதுகாப்பான அளவே குதிரையைக் கொன்றுவிடும்.

ஆறாம் படி: எவ்வளவு போடுவது, போதுகிறதா என்று எப்படித் தெரியும்?

நடுத்தர உடல்வாகுள்ள முட்டைக்கோழி ஆறாவது வாரத்தில் நாளுக்கு 40 கிராம் அளவிலும், பன்னிரண்டாவது வாரத்தில் 65 முதல் 70 கிராம் வரையிலும், பதினாறாவது வாரத்தில் 75 முதல் 80 கிராம் வரையிலும் தின்னும். முட்டை முழுவீச்சில் வரும்போது அது 105 முதல் 120 கிராம் ஆகிவிடும். கூட்டிப் பார்த்தால் ஒரு கோழிக்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு கிலோ ஸ்டார்ட்டரும், அதன் பிறகு பதினெட்டு வாரம் வரை ஐந்து கிலோவுக்குச் சற்று மேல் குரோவரும் ஆகும். குளிரில் கொஞ்சம் கூடும், வெயிலில் குறையும், பெரிய இனங்களுக்கு அதிகம்.

தண்ணீர் தீவனத்தின் எடையைப்போல இரண்டு மடங்கு வேண்டும். வெயில் காலத்தில் அதைவிட நிறைய. தண்ணீர் தீர்ந்தால் தீனியும் நின்றுவிடும்.

சரி, அளந்து போட்டாயிற்று. போதுகிறதா என்பதைக் கோழியைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். வாரம் ஒருமுறை, மாலையில் தீனி தின்பதற்கு முன் ஒரே நேரத்தில், ஒவ்வொன்றையும் ஒரு துணிப்பையில் வைத்து தராசில் தொங்கவிட்டு எடையைக் குறியுங்கள். பழுப்பு முட்டையிடும் கலப்பினம் என்றால் ஆறாவது வாரத்தில் 450 கிராம், பன்னிரண்டில் ஒரு கிலோ, பதினெட்டில் ஒன்றரைக் கிலோவை ஒட்டி இருக்கும். வெள்ளை முட்டையிடும் லேசான இனங்கள் பதினெட்டு வாரத்தில் ஒன்றேகால் கிலோ அளவில் நிற்கும். நாட்டு இனங்களும் கனமான இனங்களும் இந்தக் கணக்குக்குள் அடங்காது. அவற்றில் எடை வாராவாரம் தடையில்லாமல் ஏறுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தராசு இல்லையென்றால் விரலே போதும். கோழியை இடது கையில் அணைத்து, வலது கை விரல்களை நெஞ்சின் நடு எலும்பு மேல் ஓட்டுங்கள். இரு பக்கமும் சதை சரிந்து எலும்பு கத்தி முனைபோலத் துருத்தினால் தீனி பற்றவில்லை, அல்லது குடல்புழு இருக்கிறது. எலும்பின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்பட்டு, இரு பக்கமும் சதை உருண்டு நின்றால் நல்ல நிலை. எலும்பையே தேட வேண்டியிருந்தால் கொழுப்பு ஏறிவிட்டது, தானியத்தைக் குறையுங்கள். கூட்டில் அடைந்த பிறகு தீனிப்பையையும் தொட்டுப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே வலப்பக்கம் அது திரண்டு நிற்க வேண்டும். மறுநாள் காலையில் காலியாகியிருக்க வேண்டும். காலையிலும் கல்போல இருந்தால் அடைப்பு.

எல்லாக் கோழிகளும் ஒரே நேரத்தில் நின்று தின்ன இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வளர்ந்த ஒன்றுக்கு 7 முதல் 10 சென்டிமீட்டர் விளிம்பாவது வேண்டும். தட்டின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு இருந்தால் சிந்துவது வெகுவாகக் குறையும். பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

தானியமும் சமையலறை மிச்சமும்

நல்ல தீவனத்தை வாங்கி, அதைத் தானியத்தால் நீர்த்துப்போகச் செய்வதுதான் வீட்டு வளர்ப்பில் அதிகம் நடக்கும் தவறு. மக்காச்சோளத்தில் புரதம் 8 முதல் 9 சதவீதம்தான். 16 சதவீத குரோவர் 70 பங்கும் மக்காச்சோளம் 30 பங்கும் கொடுத்தால் கோழிக்குக் கிடைப்பது 14 சதவீதத்துக்கும் குறைவு. வைட்டமினும் தாது உப்பும் அதே விகிதத்தில் குறைந்துவிடும். மக்காச்சோளம் பத்தில் ஒரு பங்கு மட்டும் என்றால் புரதம் 15 சதவீதத்துக்கு மேலேயே நிற்கும். ஆகவே தானியம், கீரை, காய்கறித் தோல் எல்லாம் சேர்ந்து மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். அதையும் மாலையில், வயிறு தீவனத்தால் நிறைந்த பிறகு கொடுங்கள்.

புல், பூச்சி மேய்வது வேறு. அதில் புரதமும் வைட்டமினும் வருகின்றன, தாராளமாக மேயட்டும். மேயும் கோழிக்கும் தானியம் தின்னும் கோழிக்கும் சிறுகல் வேண்டும். பல் இல்லாத கோழி, அரவைப்பையில் கிடக்கும் கல்லை வைத்துத்தான் தீனியை நொறுக்குகிறது. கரையாத கருங்கல் சில்லைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். சின்னக் குஞ்சுக்கு மணல் அளவு, பெரிதுக்குப் பயறு அளவு. கிளிஞ்சல் இந்த வேலைக்கு ஆகாது, அது வயிற்றில் கரைந்து கால்சியமாகிவிடும். இளம்பெட்டைகள் இருக்கும் இடத்தில் இரண்டையும் மாற்றி வைத்துவிடாதீர்கள்.

வேகாத காய்ந்த பீன்ஸ், பச்சை படிந்த உருளைக்கிழங்கு, அவகாடோவின் தோலும் கொட்டையும், உப்புத் தூக்கலான பண்டம், பூஞ்சை பிடித்தது எதையும் போடக்கூடாது.

வீட்டிலேயே கலக்கலாமா?

கேட்பவர்கள் அதிகம் என்பதால் கணக்கைச் சொல்கிறேன். மக்காச்சோளத்தின் புரதம் 8.5, சோயாப் புண்ணாக்கின் புரதம் 45, நமக்கு வேண்டியது 16 என்று வைத்துக்கொள்வோம். 45-லிருந்து 16-ஐக் கழித்தால் 29, இது மக்காச்சோளத்தின் பங்கு. 16-லிருந்து 8.5-ஐக் கழித்தால் 7.5, இது சோயாவின் பங்கு. அதாவது பத்துக் கிலோவில் ஏறக்குறைய 8 கிலோ மக்காச்சோளம், 2 கிலோ சோயாப் புண்ணாக்கு.

புரதக் கணக்கு இவ்வளவு சுலபம். சிக்கல் மீதியில்தான். இந்தக் கலவையில் கால்சியம் கிட்டத்தட்ட இல்லை, கிடைக்கும் பாஸ்பரஸ் குறைவு, மெத்தியோனின் பற்றாது, ஏ வைட்டமின் போதாது, டி3, பி12 வைட்டமின்களுக்கு வழியே இல்லை. சுண்ணாம்புக்கல் தூள், டைகால்சியம் பாஸ்பேட், உப்பு, வைட்டமின் கலவை எல்லாவற்றையும் அளந்து சேர்க்க வேண்டும். பத்துக் கிலோவுக்கு உப்பு வெறும் 30 கிராம். வைட்டமின் கலவை அதிலும் குறைவாக இருக்கும். அவ்வளவு சிறிய அளவைக் கையால் சீராகக் கலப்பது கஷ்டம். ஒரு கோழிக்கு அதிகமாகவும் இன்னொன்றுக்கு ஒன்றுமில்லாமலும் போகும்.

நாலைந்து கோழிக்காக இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து. சொந்தத் தானியம் கையில் இருந்தால் அடர்தீவனம் என்று விற்கும் கலவையை வாங்குங்கள். புரதமும் தாதுவும் வைட்டமினும் அதில் இருக்கும். வளரும் கோழிக்கு எத்தனை பங்கு தானியத்தோடு சேர்க்க வேண்டும் என்று மூட்டையிலேயே இருக்கும். அந்த விகிதத்தை மாற்றாதீர்கள். சோயா என்றதும் பச்சைச் சோயாவை அரைத்துப் போடக்கூடாது. புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் அதில் உண்டு. வெப்பத்தில் பதப்படுத்தியதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

ஏழாம் படி: வைத்துக் காப்பது

ஐந்து கோழிகள் பன்னிரண்டாவது வாரத்தில் நாளுக்கு 350 கிராம் அளவில்தான் தின்னும். 25 கிலோ மூட்டையே பத்து வாரம் வரும். விலை மலிவு என்று 50 கிலோ வாங்கினால் பாதிக்கு மேல் பழசாகிவிடும். தயாரித்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் தீருமளவுக்கு வாங்குங்கள். ஈரக்காற்று அதிகமான காலத்தில் ஒரு மாதம்.

மூடியுள்ள டிரம்மில், தரையில் படாமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் வையுங்கள். பழையதைக் காலி செய்து துடைத்த பிறகே புதியதைக் கொட்டுங்கள். கட்டி தட்டியது, சூடாக இருப்பது, மக்கிய வாடை அடிப்பது எதையும் கோழிக்குப் போடாதீர்கள். பூஞ்சை வளர்ந்த மக்காச்சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். அது ஈரலைக் கெடுத்து வளர்ச்சியை நிறுத்தும். வெயிலில் காயவைத்தால் பூஞ்சை காய்ந்துபோகலாம், ஆனால் நஞ்சு போய்விட்டது என்று நம்ப முடியாது. கட்டியைப் பொறுக்கி எறிந்துவிட்டு மீதியைப் போடுவதும் ஆபத்துதான்.

எட்டாம் படி: எப்போது லேயருக்கு மாறுவது

காலண்டரில் பதினெட்டாவது வாரம் என்று வட்டம் போட்டு வைப்பதைவிடக் கோழியைப் பார்த்து மாறுவது நல்லது. கலப்பின முட்டைக்கோழி பதினெட்டு முதல் இருபத்திரண்டு வாரத்தில் தொடங்கும். கனமான இனங்கள் ஆறு மாதம் கடந்தும் தொடங்கும். அவற்றுக்குப் பதினெட்டாவது வாரத்தில் லேயர் போட்டால் இன்னும் பல வாரம் வீணாகச் சிறுநீரகத்தை வதைத்ததாகிவிடும்.

கொண்டையும் தாடியும் வெளிறிய நிறத்திலிருந்து சிவந்து பெரிதாகும். முதுகில் கை வைத்தால் ஓடாமல் இறக்கையைச் சற்று விரித்துப் பதுங்கும். மூலை முடுக்குகளில் இடம் தேடி உட்கார்ந்து பார்க்கும். நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் கோழியைத் தூக்கி, எச்சத் துவாரத்துக்குக் கீழே இருபுறமும் நீண்டிருக்கும் இரண்டு மெல்லிய எலும்பு முனைகளுக்கு நடுவே விரலை வையுங்கள். ஒரு விரல்கூடச் சிரமப்பட்டு நுழைந்தால் நாள் இருக்கிறது. இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் முட்டை நெருங்கிவிட்டது.

முதல் முட்டைக்கு இரண்டு வாரம் முன்னதாகக் கோழியின் உடலில் ஒரு வேலை தொடங்குகிறது. தொடை எலும்பு போன்ற நீண்ட எலும்புகளின் உள்ளே கால்சியச் சேமிப்பு ஒன்று உருவாகும். இரவில் ஓடு கட்டும் நேரத்தில் குடலில் கால்சியம் குறைந்தால் கோழி இதிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். அதனால் அந்த இரண்டு வாரத்துக்குக் கால்சியம் 2 முதல் 2.5 சதவீதம் உள்ள முன்முட்டைத் தீவனம் கிடைத்தால் கொடுங்கள். கிடைக்காவிட்டால் மேலே சொன்ன அறிகுறிகள் தெரிந்ததும் குரோவரோடு லேயரைக் கலந்து, ஏழிலிருந்து பத்து நாளில் படிப்படியாக முழுவதும் லேயருக்கு மாறுங்கள். ஒரே நாளில் மாற்றினால் சில கோழிகள் தீனியை ஒதுக்கும்.

வெவ்வேறு வயதுக் கோழிகள் ஒரே கூட்டில் இருந்தால்

இதுதான் வீட்டு வளர்ப்பில் உண்மையான தலைவலி. முட்டையிடும் கோழிகள், மூன்று மாத இளம்பெட்டைகள், ஒரு சேவல் என்று எல்லாம் ஒரே தட்டில் தின்னும். இங்கே எல்லாருக்கும் குரோவரையே, அல்லது கால்சியம் 1 சதவீதம் உள்ள பொதுத் தீவனத்தையே வையுங்கள். முட்டையிடும் கோழிகளுக்குக் கிளிஞ்சல் சில்லையோ சுண்ணாம்புக்கல் குருணையையோ தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள். கால்சியம் தேவைப்படும் கோழிகள் அதைத் தேடித் தின்னும், குறிப்பாக மாலையில். இளம்பெட்டைகள் ஒன்றிரண்டைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போய்விடும். சேவலுக்கும் இதுவே நல்லது, அதற்கு ஓடு கட்டும் வேலை வாழ்நாள் முழுக்க இல்லை. குரோவரின் புரதம் 16 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கட்டும், இல்லையென்றால் முட்டையின் அளவு குறையும்.

கிண்ணத்தைத் தீவனத் தட்டுக்குப் பக்கத்தில், மழை படாத இடத்தில் வையுங்கள். தூளாக அல்லாமல் சில்லாக இருந்தால் அரவைப்பையில் தங்கி, இரவெல்லாம் மெதுவாகக் கரையும். முதல் சில முட்டைகள் சிறியதாகவோ, தோல்போல மெல்லிய ஓட்டோடோ வந்தால் உடனே எதையும் மாற்ற வேண்டாம், தொடக்கத்தில் அது சகஜம். மூன்றாவது வாரத்திலும் ஓடு கைபட்டு உடைகிறதென்றால் கிளிஞ்சல் கிண்ணம் நிறைந்திருக்கிறதா, எல்லாக் கோழிக்கும் எட்டுகிறதா, தானியம் பத்தில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டதா என்று அந்த வரிசையில் பாருங்கள்.